பெயர் எழுதிய கத்தி

சாத்தூரில் கையில் காசு மிஞ்சினால் நகை எடுப்பார்கள், ஏலச்சீட்டில் சேருவார்கள், இன்னும் வசதி இருந்தால் நாலுவழிச்சாலை ஓரமாக ஒரு மனையை வாங்கிப் போடுவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் கத்தி வாங்கினேன். பாக்குவெட்டி, பாளை அரிவாள், மடக்கெழுத்தாணி என்று பழசாகக் கிடைத்ததைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். அவற்றின் மேல் பிரியம் வந்தது பிற்பாடுதான். முதலில் இருந்தது காசு ஆசை. மகள் கல்லூரிக்குப் போகும்போது இவை நல்ல விலைக்குப் போகும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பது இதே எண்ணத்தில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. சாமுவேல் ஐலன்பெர்க் என்று ஒரு கணித மேதை. 1913இல் வார்சாவில் பிறந்தவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் சேர்த்த பாக்குவெட்டிகளைப் பற்றி ஹென்றி பிரௌன்ரிக் ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். புணேயில் தினகர் கேல்கர் என்ற தனி மனிதர் 1920 வாக்கில் தொடங்கி ஊர் ஊராகச் சேர்த்த வீட்டுப் பொருள்கள் இன்று ஒரு பெரிய அருங்காட்சியகம். அங்கேயும் பாக்குவெட்டிகளுக்கு மதிப்பான இடம் உண்டு. 1975இல் அவர் எல்லாவற்றையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்துவிட்டார். நம் பாட்டிமார் வெற்றிலைச் செல்லத்தில் கிடந்த சாமானுக்கு உலகத்தில் இத்தனை மரியாதையா என்று நான் வியந்த காலம் அது.

எங்கள் சீமையில் வாள், ஈட்டி கிடைக்காதா என்று நண்பர்கள் கேட்பார்கள். தேடிப் பயனில்லை. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அடுத்து நடந்த பாளையக்காரர் போரும் முடிந்ததும், 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளை இடித்து, ஆயுதம் என்று இருந்ததையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். கரிசல் பூமியில் வீட்டுக்கும் காட்டுக்கும் வேண்டிய இரும்புதான் மிஞ்சியது. நான் சேர்த்ததும் அதைத்தான்.

பாக்குவெட்டி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது ஆணியை. இரண்டு கைகளையும் சேர்க்கும் அந்த ஆணி பழசாக இருந்தால் சுற்றிலும் பித்தளை தேய்ந்து வழுவழுவென்று ஒரு பள்ளம் விழுந்திருக்கும். புதிதாக வார்த்து, புளியையும் மண்ணையும் பூசிப் பழசாக்கிய சாமானில் பிடி கறுத்திருக்கும், ஆணித் துளை மட்டும் கூர்மையாகவே இருக்கும். மயில், கிளி, குதிரை என்று உருவம் செய்த பிடிகளில் கட்டைவிரல் படுகிற பக்கம் மட்டும் மயிலின் கண் அழிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் அது அரத்தால் ராவியது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்காரர். ஒரு பாக்குவெட்டியை என் கையில் கொடுத்து, “கண்ணை மூடிக்கிட்டு வெட்டிப் பாருங்க அண்ணாச்சி, பழசுன்னா கை தானாப் போய் உக்காரும்” என்றார். அது உண்மை.

பாளை அரிவாள் வேறு சாதி. பனையேறி இடுப்பில் அருவாப்பெட்டிக்குள் அதைச் செருகிக்கொண்டு மரம் ஏறுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் வடியும்; அழுத்திச் சீவினால் பாளை கெட்டுவிடும். அதற்காகத் தினமும் பலகையில் கல்பொடியைத் தூவித் தீட்டுவார்கள். அப்படித் தீட்டித் தீட்டி, பட்டறையிலிருந்து வரும்போது மூன்று விரல் அகலம் இருந்தது கடைசியில் ஒரு விரலாகிவிடும். என்னிடம் ஒன்று இருக்கிறது. வெயிலில் திருப்பிப் பிடித்தால் விளிம்பு முழுக்கச் சிறுசிறு அலை தெரியும். ஒவ்வொரு அலையும் ஒரு மனிதர் பல வருஷம் ஒரே இடத்தில் மணிக்கட்டை வைத்துத் தீட்டிய தடம். இதைவிட அருமையான பொருள் என் பெட்டியில் இல்லை. விலை கேட்டால், இதைவிட மலிவான பொருளும் இல்லை.

காரணம் எளிது. இரும்பை நம் ஊரில் யாரும் சேர்த்து வைத்ததில்லை. தேய்ந்தால் உலைக்குப் போகும், அல்லது எடைக்குப் போகும். இப்போது லாரிப் பட்டையை அடித்துச் செய்யும் அரிவாள் நன்றாகவே உழைக்கும்போது பழசை எவர் தேடுவார்? பித்தளைப் பிடியும் உருவமும் இருந்தால் காரைக்குடிப் பக்கம் பழம்பொருள் கடையில் நிற்கலாம். வெறும் இரும்புக்கு அங்கே இடம் கிடையாது.

மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தபோது இது எனக்குப் புத்தகப் படிப்பாக இல்லாமல் நேரடியாகவே தெரிந்தது. காலையில் வீட்டுக்காரியின் சங்கிலியைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தோம். மத்தியானத்துக்குள் பணம் கையில் வந்துவிட்டது. கத்திகளை எந்த அடகுக் கடையிலும் வைக்க முடியாது. வாங்குகிறவரைத் தேடிப் போக வேண்டும், அவர் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. பல மாதம் கழித்து வெளியூர் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். துணியை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, கூர்மையைப் பார்க்கும் முன்னால் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “இது யார் வீட்டுச் சாமான்?”

சிலவற்றுக்குப் பதில் இருந்தது. கணக்கு எழுதுகிற பழக்கத்தில், வாங்கிய அன்றே பேரேட்டுத் தாளைக் கிழித்து, எந்த ஊர், எந்த வீடு, யார் பயன்படுத்தியது, செய்த ஆசாரியின் பெயர் தெரியுமா என்று எழுதி நூலில் கட்டி வைத்திருந்தேன். அப்படிச் சீட்டு இருந்த பாக்குவெட்டிகளையும் மடக்கெழுத்தாணியையும் அவர் தனியே ஒதுக்கினார். அந்த எழுத்தாணியின் ஒரு முனையில் ஓலையில் கீறும் ஊசி, மறுமுனையில் ஓலை வாரும் சிறு கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். அதன் சீட்டில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலிருந்து வந்த விவரம் இருந்தது. வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு கொடுத்தார். அதைவிட அழகான வேலைப்பாடு உள்ள, சீட்டு இல்லாத பாக்குவெட்டிகளுக்குப் பித்தளை எடையை ஒட்டித்தான் விலை சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவரிடம் வாங்கப்போகிறவரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

அதற்குப் பிறகு தஞ்சாவூர் ஆயுதசாலையின் கதையைப் படித்தபோது உடம்பே பதறியது. கடைசி மராட்டிய அரசர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசு சமஸ்தானத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகக் குவிந்திருந்த கட்டாரிகள், வாள்கள், அங்குசங்களில் நல்லவை என்று தோன்றிய சிலவற்றைப் பொறுக்கி சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மற்றதை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற மாகாண அதிகாரி இதைப் பற்றி 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதினார். தஞ்சாவூரிலிருந்து வந்தது என்ற விவரத்தோடு தப்பித்த கட்டாரிகள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அதே கொல்லர்கள் அதே உலையில் செய்த மற்றவை உருகிப்போயின.

2023 மே 23ஆம் தேதி லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. ஏலக்காரர்களே 15 முதல் 20 லட்சம் பவுண்டுதான் எதிர்பார்த்திருந்தார்கள். அந்த வாளில் பொன்னெழுத்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அதைத் தளபதி டேவிட் பெயர்டுக்குக் கொடுத்தார்கள் என்ற சங்கிலி அறுபடாமல் வந்திருக்கிறது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற அந்த விவரம் இல்லாவிட்டால் அது அழகான ஒரு பழைய வாள், அவ்வளவே.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்த கருவிகளை ஆயுதச் சட்டம் விட்டுவிடுகிறது. மற்றபடி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வாள், குத்துவாள் எல்லாம் அந்தச் சட்டத்தின் ஆயுதப் பட்டியலில் வரும்; வாங்கும் முன் காவல் நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது. நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. விற்கிற வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். ஆகவே லண்டன் விலையைப் படித்துவிட்டு இங்கே கணக்குப் போடக்கூடாது. கருப்பசாமி கோயிலில் நேர்த்திக்கடனாக நட்ட அரிவாளை யாராவது கொண்டுவந்து நீட்டினால் தொடாதீர்கள். அது சாமிக்குக் கொடுத்தது.

வைத்துக் காப்பாற்றுவதற்குக் கரிசல் காற்று நல்லது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மட்டும் கவனம் வேண்டும். தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, பருத்தித் துணியில் சுற்றி வைப்பேன். தோலுறைக்குள் போட்டால் துரு பிடிக்கும். பளபளவென்று தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கட்டைவிரல் தடமும் தீட்டிய தடமும் போய்விடும்.

ஆக, அவசரத்துக்குப் பணம் வேண்டியவர்கள் கத்தியில் காசைப் போடாதீர்கள், தங்கமே நல்லது. பத்துப் பதினைந்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் விடக்கூடிய காசு இருந்தால் வாங்கலாம். அப்போதும் விவரம் தெரிந்ததை மட்டும் வாங்குங்கள். என் பாளை அரிவாள்களை இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை. நான் விற்கப்போவதும் இல்லை. ஆனால் அவற்றைத் தீட்டிய பனையேறிகளில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப்போய்ப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2021 செப்டம்பரில் ரவுடிகளைப் பிடிக்கும் நடவடிக்கையின்போது, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி பட்டறைக்காரர்களைத் தமிழ்நாடு காவல்துறை கேட்டுக்கொண்டது. புதுக் கத்திக்கு அப்படி ஒரு பதிவு வந்துவிட்டது. பழசுக்கு நாம்தான் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு பாக்குவெட்டியோ அரிவாள்மனையோ கட்டாயம் கிடக்கும். அது யாருடையது, எந்த ஊர் ஆசாரி செய்தது, எந்தக் கல்யாணத்துச் சீராக வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு ஒரு சீட்டில் எழுதி, பருத்தி நூலால் பிடியில் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் போட வேண்டாம். அதிலுள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்கவைக்கும்.