மலைநாட்டுக் கம்பளியும் முற்றத்துக் கோவாவும்

ஹட்டனைக் கடந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா எனப் புகைவண்டி ஏறும்பொழுது, உடன்வரும் பயணிகளின் கண்கள் நீர்வீழ்ச்சிகளையே தேடும். அவற்றுக்கிடையே தகரக் கூரையிட்ட நீண்ட லயங்களின் முன்னே, இரண்டு பாய் விரிக்கும் அளவினவாய்க் கிடக்கும் சிறு பாத்திகளைக் கூர்ந்து நோக்குவார் மிகச் சிலரே. நமக்கோ அப்பாத்திகளைக் காண்பதற்கென்றே இன்னொரு முறை மலையேறலாம் என்று தோன்றும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே ஒடுங்கிக் கிடக்க நேர்ந்த காலம் பல தோட்டங்களில் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதற்கு மாற்றாகத்தான் போலும், வாசலுக்கு வெளியே உள்ள ஒரு சாண் மண்ணையும் இவர்கள் சும்மா விடுவதில்லை. கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி, ஓரத்திலே சிவந்த தேலியா. கவ்வாத்து வெட்டிய மிலாறு அடுப்புக்கு விறகாவதோடு, போஞ்சிக் கொடிக்குக் கொம்பாகவும் கோழியைத் தடுக்கும் வேலியாகவும் ஆகிறது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் சோற்றை உலையிலிட, தந்தை முள்ளுக் கொண்டு மண்ணைக் கிளறுகிறார். பிள்ளைகள் வாளியில் நீர் சுமக்கின்றனர். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாப் பக்கத்தில், சனவரி, பெப்ரவரியில் விடியற்காலப் பனி உறைந்து இலைகளைக் கருக்கிவிடும். அந்நாட்களில் இளநாற்றின்மேல் மானாப்புல்லைப் பரப்பி மூடுவார்கள். குழந்தையைப் போர்த்துவதற்கும் இதற்கும் நாம் அதிக வேற்றுமை காணவில்லை.

போர்த்துவது என்றதும் கம்பளி நினைவுக்கு வருகிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மக்கள் வரத் தொடங்கிவிட்டனர். சமவெளியின் வெயிலில் பிறந்தவர்க்கு இக்குளிர் பெரும் பகை. கையிலே கொடுக்கப்பட்ட கரிய முரட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்தி, மழையிலும் பனியிலும் வேலை செய்தனர். ஆயின் அது கொடையன்று. அதன் விலை முற்பணக் கணக்கிலே ஏறிற்று. கடன் தீராமல் வேறு தோட்டத்திற்குப் போக இயலாதபடி கட்டிய துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. உடலைக் காத்த கம்பளியே காலைக் கட்டிய கயிற்றின் ஓர் இழையுமாயிற்று என்பதை எண்ணுந்தோறும் நமக்கு மனம் கனக்கிறது.

அதனாலேயே, லயத்துத் திண்ணையில் ஒரு மூதாட்டி கம்பளி நூல் பின்னுவதைக் கண்டால் நாம் நின்று பார்ப்பது வழக்கம். நுவரெலியாவின் பேல் பஜாரிலே குளிர்ச்சட்டைகள் மலைமலையாகக் குவிந்து கிடக்க, இவர் ஏன் விரல் நோகப் பின்ன வேண்டும்? ஒரு தோட்டத்தில் இதனைக் கேட்டே விட்டோம். "கடைச் சட்டை காசுக்கு வருதுங்க ஐயா. பேத்திக்கு முதல் குல்லா அப்பாயி கையால வரணுமில்ல?" என்றார். மகனின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூலே அவர் மடியில் உருண்டு கொண்டிருந்தது. நைந்த சேலைகளை நான்கைந்து மடிப்பாக அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வையும் அவ்வீட்டில் இருந்தது. திருமணச் சேலை முதலில் தொட்டிலாகி, பின்னர் போர்வையாகி, முடிவில் அடுப்படித் துணியாவது இங்கே இயல்பான வரலாறு. நகரத்து இல்லத்தரசியர் இதனைச் சிக்கனம் என்பர். நாம் அச்சொல்லோடு அமைதி கொள்ளவில்லை. சிக்கனத்துக்காக ஒருவரும் ஓரத்தில் சிவப்பு நூலால் பூ வேலை செய்வதில்லை.

பாத்தியில் விளைந்ததும் அவ்வாறே கைமாறுகிறது. கோவா ஒரே வாரத்தில் முற்றும். ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. ஆகவே பக்கத்துக் காம்பராவுக்கு ஒன்று, பிள்ளைமடுவத்து ஆயாவுக்கு ஒன்று, மாரியம்மன் திருவிழா அன்னதானத்திற்கு நாலு. வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்பதால், மறுநாள் அதே கிண்ணத்தில் இரண்டு பச்சை மிளகாயாவது திரும்பி வரும். 1973, 74-ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டி உயிர்களையும் பலிகொண்டது. அக்காலத்தைக் கண்ட முதியோர், வாசல் மரவள்ளியைப் பற்றிப் பேசும்பொழுது குரலைத் தாழ்த்தியே பேசுகின்றனர்.

இத்தனைக்கும் அந்த மண் அவர்களுடையதன்று. 1948-இல் பறிபோன குடியுரிமையின் வழக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு தீர்ந்தது. காணியின் வழக்கு இன்னும் தீரவில்லை. 2015-க்குப் பின்னர்ச் சில தோட்டங்களில் தனி வீட்டோடு 7 பேர்ச் காணி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 1,900 சதுர அடி. நிலச்சுவான்தாருக்கு நகைப்பாக இருக்கலாம். ஐந்து தலைமுறையாகப் பிறர் மண்ணைப் பச்சையாக்கியவர்க்கு அது சிறிதன்று.

அத்தகைய புதுவீடொன்றில் குடிபுகுந்தவர்கள் லயத்திலிருந்து கொண்டுவந்த மூட்டைகளைப் பார்த்தோம். பாத்திரம், சாமி படம், போர்வைக்கட்டு; அவற்றோடு ஈரச் சாக்கில் பொதிந்த தேலியாக் கிழங்குகளும், நுனியில் முளை நீண்ட சௌசௌக் காய் ஒன்றும். சௌசௌவை விதையாக எடுப்பதில்லை. முளைத்த காயையே மண்ணில் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் பந்தலுக்குக் கம்பு தேடிப் போயிருந்தார். அவர் மனைவியோ, முதற்காய்கள் பழைய லயத்தில் யார் யார் வீட்டுக்குப் போக வேண்டுமென்று அப்பொழுதே மகளிடம் விரல்விட்டு எண்ணிக் கொண்டிருந்தார்.