ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பொம்மைக் கணக்கு

சேலம் என்றால் மாம்பழம், இல்லாவிட்டால் எஃகு, அதுவும் இல்லாவிட்டால் ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு. இவற்றைப் பற்றியெல்லாம் யாராவது எழுதி, நீங்களும் நிறையப் படித்திருப்பீர்கள். ஆகையால் இந்தத் தடவை அவை ஒன்றின் பக்கமும் தலைவைத்துப் படுப்பதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினேன். அந்த வைராக்கியம் சாயங்காலம் வரையில்கூட நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆட்டோ ஐந்து ரோட்டை அடைந்தது. 2020-ல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம் அங்கே தலைக்கு மேல் மலைப்பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது. அதன் நிழலைக் கடந்து சிறிது தூரம் போனதும் இரைச்சல் குறைந்து, மரங்களும் காம்பவுண்டுச் சுவர்களும் வந்துவிட்டன.

"ஃபேர்லேண்ட்ஸ் வந்தாச்சுங்க. எந்த வீடுங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

பெயர் வெள்ளைக்காரப் பெயர். 'ஃபேர்' என்றால் அழகு. பக்கத்திலேயே அழகாபுரம் இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று தன் அழகை இரண்டு தரம் சொல்லிக்கொள்ளும் பேட்டை இது. சொல்லிக்கொள்ளட்டும், தப்பில்லை. கட்டடங்கள் மறைக்காத இடத்தில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை நீலமாகத் தெரிகிறது. 1961-ல் தொடங்கிய ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரிக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பழைய பங்களாக்களை ஆஸ்பத்திரிகளும் மூக்குக் கண்ணாடிக் கடைகளும் கேக் கடைகளும் ஒவ்வொன்றாக விழுங்கி வருகின்றன.

'ஃபேர்' என்ற சொல்லுக்கு நியாயம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு அல்லவா? அந்தக் கணக்கில் இந்த இடம் 'நியாயபூமி' ஆகிறது. நான் போனதும் ஒரு நியாய வழக்கைக் கேட்கத்தான்.

நண்பருக்கு நண்பர் ஒருவரின் வீடு அது. பாங்கு உத்தியோகஸ்தர். வாசற்படி ஏறும்போதே உள்ளேயிருந்து அவருடைய தாயார், "வாங்க தம்பி, காலைப் பார்த்து வைங்க. கீழே தசாவதாரம் கெடக்குது!" என்று எச்சரித்தார். புரட்டாசி மாதம். கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, கந்தல் துணியும் வைக்கோலும் பிரித்துக்கொண்டிருந்தார் அம்மாள். மச்சாவதாரத்துக்கு வால் நுனி உடைந்திருந்தது. செட்டியார் பொம்மை சௌக்கியம்.

"இது என் பொம்மைங்க தம்பி. அவன் பொம்மை மாடியிலே இருக்குது. போய்ப் பாருங்க. ஆனா விலையை மட்டும் என்கிட்டே வந்து சொல்லாதீங்க."

மாடி அறையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசை வரிசையாக வீரர்கள்! இரும்புக் கவசம் போட்டவர், வௌவால் இறக்கை கட்டியவர், தலைமயிர் மஞ்சளாக நிமிர்ந்து நிற்கும் ஜப்பான்காரர், ஒளிவாள் ஏந்தியவர். ஒவ்வொருவருக்கும் முழங்கை மடங்குகிறது, முழங்கால் மடங்குகிறது, விரல்கூட மாற்றிப் போடலாம். அடேயப்பா! ஒருவர் சட்டைக்குத் தையல் போட்டிருந்த நேர்த்தி நம் ஊர்த் தையற்காரருக்கு வராது.

"நல்ல பொம்மைகள் சார்" என்றேன்.

"பொம்மைன்னு சொல்லாதீங்க சார். ஆக்‌ஷன் ஃபிகர்" என்றார்.

அவர் கோபித்துக்கொண்டதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாயைச் சுமார் ஓரடி உயரத்தில் செய்தது. பொம்மை என்று சொன்னால் பையன்கள் கையால் தொடமாட்டார்களே என்று பயந்து, அதற்குப் புதிதாகச் சூட்டிய நாமகரணம்தான் 'ஆக்‌ஷன் ஃபிகர்'. அறுபது வருஷமாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை. போகட்டும்.

அலமாரி அல்ல, வாசகர்களே, நான் பார்க்க வந்தது. அலமாரியின் கீழ்த் தட்டில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அதைத்தான்.

கோடு போட்ட நோட்டு. முதல் பத்தியில் பணம் கட்டிய தேதி. அடுத்ததில் வரும் என்று சொன்ன தேதி. அதற்கடுத்து, வந்த தேதி. கடைசியில் 'மேல் பணம்'. மூன்றாவது பத்தியில் பல இடங்கள் வெறுமையாக இருந்தன.

இந்த வியாபாரத்தின் வழக்கம் இது. வீரர் இன்னும் பிறக்கவில்லை, படம்தான் வந்திருக்கிறது. படத்தைப் பார்த்ததும் முன்பதிவு செய்ய வேண்டும். சில கடைகளில் பத்து, இருபது சதவீதம் அட்வான்ஸ். சிலவற்றில் முழுப் பணம். தாமதித்தால் தீர்ந்துபோகும், பிறகு வெளியே இரண்டு மடங்கு விலை. நம் நண்பர் ஒரு வீரருக்கு 14,500 ரூபாய் முழுசாகக் கட்டினார். எட்டு மாதத்தில் வரும் என்றார்கள். எட்டாவது மாதம், "கம்பெனி தள்ளிப் போட்டுவிட்டது" என்று ஒரு வரி வந்தது. பிறகு ஆறு மாதம் அதுவும் இல்லை. பத்தொன்பதாம் மாதம் செய்தி வந்தது: "உங்கள் பொருள் வந்துவிட்டது. டாலர் ஏறிவிட்டபடியால் இன்னும் 3,200 ரூபாய் அனுப்பவும்."

"வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்னு கேட்டேன் சார். பணமாகத் தரமாட்டார்களாம். அதே கடையிலே வேறே ஏதாவது வாங்கிக்கலாமாம்."

"அப்புறம்?"

"3,200-ஐயும் அனுப்பினேன்."

கடையின் பெயரைக் கேட்டேன். "எழுதமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். ஆகையால் எழுதவில்லை.

இவர் பாங்கில் கடன் பிரிவில் இருக்கிறவர். ஊரார் கடன் கேட்டு வந்தால் பத்திரம் எங்கே, ஜாமீன் எங்கே என்று கேட்பதுதான் இவருக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்டவர் வட்டியில்லாமல், ஜாமீனில்லாமல், முகம் தெரியாத கடைக்காரருக்குப் பத்தொன்பது மாதம் கடன் கொடுத்திருக்கிறார்! ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் 1,600 ரூபாய் வந்திருக்கும் என்று அவரே கணக்குப் போட்டு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர் ஏலச்சீட்டுக்காவது 1982-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. சீட்டு நடத்துகிறவர் தொடங்குமுன் சீட்டுத் தொகைக்கு ஈடாக ஜாமீன் காட்டியாக வேண்டும். பொம்மைக்கு அட்வான்ஸ் வாங்குகிறவர் எந்த ஜாமீனும் காட்ட வேண்டியதில்லை.

கடைக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? அவரும் முழு வில்லன் இல்லை. ஒரு பொம்மைக்கு எஃகு அச்சு வெட்ட ஏகச் செலவு ஆகிறது. இத்தனை விற்கும் என்று தெரியாமல் தொழிற்சாலை அச்சில் கை வைப்பதில்லை. தொழிற்சாலை மொத்த வியாபாரியை நெருக்குகிறது, அவர் நம் ஊர்க் கடையை நெருக்குகிறார், கடை நம் நண்பரை நெருக்குகிறது. நடுவில் சர்க்கார் வேறு. 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை 20 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 60 ஆயிற்று. 2023-ல் 70. முதல் வருஷம் 10,000 ரூபாய்ச் சரக்குக்கு 2,000 தீர்வை என்று கணக்குப் போட்டு விலை சொன்ன கடைக்காரர், கப்பல் வந்து சேர்ந்தபோது 6,000 கட்ட நேர்ந்திருக்கும். 2021 ஜனவரி முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற உத்தரவும் அமலுக்கு வந்தது. உள்ளூர்ப் பொம்மைக்காரருக்கு இதனால் நன்மை உண்டு. செட்டியார் பொம்மை செய்கிறவர் பிழைத்துப் போகட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நடுவில் மாட்டிக்கொண்ட பழைய முன்பதிவுகளின் கதி?

இந்தக் காத்திருப்பு நேற்று வந்ததும் அல்ல. 1977 மே மாதத்தில் 'ஸ்டார் வார்ஸ்' படம் வெளியாகி அமெரிக்கா தலைகீழாயிற்று. அதன் பொம்மைகளுக்கு உரிமை வாங்கியிருந்த கென்னர் கம்பெனியால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வெறும் அட்டை உறையை விற்றார்கள்! உறைக்குள் ஒரு சீட்டு. அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருஷம் நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் காலையில் பெட்டியைத் திறந்த குழந்தைக்கு உள்ளே கிடைத்தது அட்டை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: 1978-ல் சொன்னபடி பொம்மைகள் வந்தன, குழந்தையிடம் யாரும் மேல் பணம் கேட்கவில்லை.

பிற்பாடு ஹாஸ்ப்ரோ கம்பெனி இதற்கு ஒரு புது முறை கண்டுபிடித்தது. 2018-ல் அதே 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் பிந்திய படம் ஒன்றில் வரும் ஒரு பாய்மரக் கப்பலை, சுமார் நாலடி நீளத்தில், 500 டாலருக்குச் செய்து தருவதாக அறிவித்தது. 5,000 பேர் சேர்ந்தால்தான் செய்வோம், இல்லாவிட்டால் ஒரு காசும் எடுக்கமாட்டோம் என்பது நிபந்தனை. 8,810 பேர் சேர்ந்தார்கள். கப்பல் மறுவருஷம் வந்தது. 2021-ல் 350 டாலருக்கு ஒரு ராட்சச மிருகம் அறிவித்தார்கள். 9,000 பேர் வேண்டும், சேரவில்லை. மிருகம் பிறக்கவில்லை, பணமும் போகவில்லை. விலை எனக்குப் பிடிக்கவில்லைதான்; நாலடிக் கப்பலை வைக்க ஃபேர்லேண்ட்ஸ் பங்களா வேண்டும், மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தில் வைத்தால் மனிதர்கள் திண்ணைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் நிபந்தனை முதலிலேயே பட்டவர்த்தனமாக இருக்கிறது.

"நம் நாட்டிலும் விதி இருக்கிறதே சார்" என்றேன் நண்பரிடம். 2020-ஆம் வருஷத்து மின் வணிக விதிகளின்படி, சொன்ன கெடுவுக்குப் பிந்திப் பொருள் வந்தால் விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. அவர் சக்திக்கு மீறிய காரணத்தால் பிந்தியிருந்தால் மட்டும் விலக்கு. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் சேலத்துக்காரர் சேலத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே போதும்.

"எல்லாம் தெரியும் சார். வழக்குப் போட்டா அடுத்த தடவை எனக்கு எவன் சரக்குக் கொடுப்பான்? நாட்டிலே இருக்கிறதே விரல்விட்டு எண்ணக்கூடிய கடைங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றக் காபி வந்தது. அப்போதுதான் அம்மாள், "தம்பி, செவ்வாய்ப்பேட்டைக்குப் போகணும், பேத்தி கொலுசு சொல்லியிருக்குது. ஆட்டோவிலே துணைக்கு வர்றீங்களா?" என்றார். வைராக்கியம் போயிற்று.

செவ்வாய்ப்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைகள். கம்பி இழுக்கிற இடம் ஒன்று, சலங்கை பற்றவைக்கிற இடம் ஒன்று, மெருகு போடுகிற இடம் ஒன்று. வெளியூர் வியாபாரிகள் வெள்ளியையே கட்டியாக அனுப்பிவிடுகிறார்கள். இவர்கள் கொலுசாக்கித் திருப்பி அனுப்பிக் கூலி வாங்கிக்கொள்கிறார்கள். அம்மாள் போன கடையில் பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீட்டை எடுத்தார்.

"வெள்ளி விலை எகிறிப்போச்சே பெரியவரே. ஜாஸ்தி கேப்பீங்களா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"எப்படிங்க கேக்க முடியும்? அம்மா அன்னைக்கே முழுப் பணம் கட்டிட்டாங்க. அன்னைக்கு வெலையிலே நான் வெள்ளி எடுத்து வச்சுட்டேன். கையைப் புடிச்ச மாதிரி. அட்வான்ஸ் மட்டும் குடுத்தா எடுக்கிற அன்னைக்கு வெலை. ஏறினா அவங்களுக்கு, எறங்கினா எனக்கு. ரெண்டிலே எதுன்னு சீட்டிலே எழுதிருவோம்."

அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான். எடை, கூலி, அன்றைய விலை, தேதி. ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் இருக்கும் நோட்டில் இல்லாத ஒரே பத்தி இதுதான்: விலை ஏறினால் யார் தலையில் என்பது. முழுப் பணமும் வாங்கிக்கொண்டு ஏற்றத்தையும் வாங்குகிறவர்தான் இவர்களுடைய வயிற்றெரிச்சலுக்குக் காரணம். பணம் முன்னால் கேட்பதை நம் நண்பர் இவ்வளவு வருஷமாகப் பொறுத்துக்கொண்டுதானே வந்திருக்கிறார்!

திரும்பி வந்து மாடி ஏறி இதைச் சொன்னேன். நண்பர் யோசித்தார். நோட்டை எடுத்து, ஐந்தாவதாக ஒரு கோடு கிழித்து, 'விலை நிற்குமா?' என்று தலைப்புப் போட்டார். அடுத்த முன்பதிவுக்கு முன்னால் கடைக்காரரிடமிருந்து இதற்கு எழுத்தில் பதில் வாங்கப் போகிறாராம்.

அந்த நிமிஷத்தில் அவருடைய போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். முகம் குழந்தை முகம் ஆயிற்று. என்னிடம் நீட்டினார். படத்தில் யாரோ ஒரு நீல நிற வீரர், ஒற்றைக் காலில் பாய்ந்துகொண்டிருந்தார்.

"இருபது சதவீதம்தான் சார் அட்வான்ஸ். இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடிஞ்சுடும்."

"ஐந்தாவது பத்தி?" என்றேன்.

"கேட்டு எழுதறேன் சார். அவங்க பதில் போட ரெண்டு நாள் ஆகும்" என்றவரின் கட்டைவிரல் அதற்குள் எங்கேயோ அழுத்திவிட்டது.

கீழே அம்மாள் மச்சாவதாரத்தின் வாலைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "இன்னொண்ணா?" என்று கேட்டார்.