திமிரியா, பாரியா?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, மெதுவாகப் படியுங்கள்.

ஒரே வாரத்தில் என் பழைய மாணவர்கள் இருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மற்றவர் குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான். முதலாமவரின் மகளுக்குப் பன்னிரண்டு வயது, நாதஸ்வரம் கற்கிறாள். இரண்டாமவரின் மகனுக்குப் பதினாறு, டிரம்பெட் கற்கிறான். "பிள்ளைக்கு எந்த வாத்தியம் வாங்குறதுங்க டீச்சர்?" இதுதான் கேள்வி.

நான் சங்கீதம் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் ஆர்மோனியத்தில் பிரார்த்தனைப் பாட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டதோடு சரி. ஆனால் என் அப்பா ஊர்க் கோயில் நோம்பியில் முன்னால் நின்று வேலை பார்ப்பவர். மேளக்காரர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் தங்குவார்கள். சீவாளியை நனைத்து, ஊதி, சுரண்டி, மறுபடி ஊதிப் பார்ப்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் நம்ம ஊர்க் கேள்வி. நாயனத்தில் பெரிய பிரிவு இரண்டு. திமிரி குட்டையானது, சுருதி மேலே, நாலு கட்டை, ஐந்து கட்டை என்று போகும். பாரி இரண்டரை அடியைத் தாண்டும் நீளம், சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. இரண்டுக்கும் நடுவில் இடைப்பாரி என்றும் ஒன்று உண்டு. குழல் நீண்டால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். அறிவியல் பாடத்தில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஊதிக் காட்டினேனே, அதே கதைதான்.

திமிரி தெருவுக்காகப் பிறந்தது. அவிநாசித் தேர் ரதவீதியில் வரும்போது கூட்டம், தவில், வேட்டு எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சத்தம் தேருக்குப் பின்னால் நிற்பவன் காதிலும் விழ வேண்டும். அதற்கு மேல் சுருதிதான் சரி. மைக் இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை.

இந்த நிலையை மாற்றியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி என்றாலே அவர் பேரைச் சொல்வார்கள். பாட்டுக் கச்சேரி போல மேடையில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் ஒரு ராகத்தை விரித்து வாசிக்க அவருக்குத் திமிரி போதவில்லை. குரல் மாதிரி கீழே இறங்கிப் பேசக்கூடிய குழல் வேண்டும் என்று நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் போனார். இருவரும் பல முறை செய்து, ஊதி, திருத்தி வந்ததுதான் இன்றைய பாரி. சுருதியை இறக்கியது மட்டும் இல்லை. பழைய குழல்களில் சுத்த மத்யமம் தானாக வராது. பிரதி மத்யமம்தான் சுலபம், சுத்த மத்யமத்தை விரலாலும் உதட்டாலும் பிடித்து இறக்க வேண்டும். ஆசாரி துளைகளின் இடத்தையும் அளவையும் மாற்றிச் சுத்த மத்யமம் நேராகப் பேசும்படி செய்தார். பெரிய வித்வான்களின் படத்தை மாட்டுகிற சபாக்காரர்கள் பக்கத்தில் ஆசாரியின் படத்தையும் மாட்டலாம் என்பது என் கட்சி.

இப்போது ஜெர்மனிக்கு வருகிறேன். அங்கே பையன் பள்ளி இசைக்குழுவோடு டெலிமான் எழுதிய டி மேஜர் டிரம்பெட் கான்செர்ட்டோ வாசிக்கப் போகிறான். டெலிமான் பாக் காலத்தவர். டி என்பது நம் கணக்கில் இரண்டு கட்டை. அந்தக் காலத்து டிரம்பெட்டில் இன்று பார்க்கிற மூன்று பித்தான்கள் கிடையாது. அந்த வால்வுக்குக் காப்புரிமை வாங்கியதே 1818இல்தான். டெலிமானுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஏழடி நீளமுள்ள பித்தளைக் குழாய், மடித்து வளைத்தது. துளையும் இல்லை, வால்வும் இல்லை. எல்லாம் உதடுதான். அப்படிப்பட்ட குழாயில் கீழே ஸ்வரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். மேலே போகப் போக நெருங்கி வந்து, ஒரு ஸ்தாயிக்கு மேல் ச ரி க என்று வரிசையாகக் கிடைக்கும். அதனால்தான் அந்தக் காலத்து டிரம்பெட் இசையெல்லாம் உச்சியிலேயே திரிகிறது.

அந்த வரிசையிலும் ஒரு ஸ்வரம் கோளாறு. எது தெரியுமா? மத்யமம்! குழாயின் பதினோராவது இயற்கை ஸ்வரம் சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் தொங்குகிறது. அவர்களும் உதட்டால் இழுத்துத்தான் சரிசெய்தார்கள். இன்று பழைய முறையில் வாசிப்பவர்கள் பலர் அதற்காகவே குழாயில் சிறு துளைகள் போட்டுக்கொள்கிறார்கள். நரசிங்கம்பேட்டை ஆசாரியைக் கேட்டிருந்தால் அவரும் துளையைத்தான் பார்த்திருப்பார். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பையன் முன்னால் மூன்று வழி. ஏற்கெனவே இருக்கிற சாதாரண பி ஃபிளாட் டிரம்பெட்டில் அந்த உச்சஸ்தாயியை வாசித்தால் இரண்டாவது பக்கத்திலேயே உதடு சோர்ந்துவிடும். வால்வில்லாத பழைய வகை அழகுதான், மற்ற வாத்தியங்களை அமுக்காத மென்மை உண்டு. ஆனால் அதைக் கற்கத் தனியாகச் சில வருடம் வேண்டும். அதோடு அந்தக் கால முறையில் வாசிப்பவர்கள் சுருதியையே அரைக் கட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள், பள்ளிக் குழு அப்படி இறங்கி வராது. மூன்றாவது பிக்கலோ டிரம்பெட். குழாய் பாதி நீளம், ஒரு ஸ்தாயி மேலே. இன்று பெரும்பாலானவர்கள் இந்த மாதிரி கான்செர்ட்டோவுக்கு எடுப்பது அதைத்தான். பாக் 1721இல் அர்ப்பணித்த இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் டிரம்பெட்டுக்கு நாலு கட்டை, கூடவே வாசிப்பது ஊதுகுழல், ஓபோ, வயலின். அதையும் இன்று அநேகமாகப் பிக்கலோவில்தான் கேட்கிறோம். கொஞ்சம் கூர்மையான சத்தம், அதட்டாமல் வாசிக்கத் தெரிய வேண்டும்.

அந்த ஊரில் கடையில் மாத வாடகைக்கு வாத்தியம் கொடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்குப் பிக்கலோவை எடுத்துக்கொண்டான். அவன் பிரச்சினை முடிந்தது.

நம் ஊரில் வாடகைக்கு நாயனம் கிடையாது. ஓவர்லாக் டெய்லரின் கையில் இருந்தது தீபாவளி போனஸ். ஒரே ஒரு குழல்தான் வாங்க முடியும். அவர் மேளக்காரக் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு வரும்படி போதாமல் கம்பெனிக்கு வந்துவிட்டார். அண்ணன் மட்டும் செட்டு வைத்துக் கோயில், கல்யாணம் என்று ஓட்டுகிறார். அந்தச் செட்டு நாலு கட்டை.

"அண்ணங்கூட நின்னு வாசிச்சா நாலு காசு பாக்கலாமுங்க. புள்ளைக்கு பாரிதான் வேணுமாமா. ஒத்தக்கால்ல நிக்கறாளுங்க" என்றார். பாப்பாவிடம் கேட்டேன். "டீச்சர், எனக்கு மேடையில உக்காந்து ராகம் வாசிக்கோணும். இசைக் கல்லூரில சேரோணும்" என்றாள். அவள் குருவும் பாரியில்தான் சொல்லித்தருகிறார்.

இதில் சிக்கல் என்னவென்றால், இரண்டு நாயனம் சேர்ந்து வாசிக்க ஒரே சுருதி வேண்டும். இரண்டரைக் கட்டைக் குழலை வைத்துக்கொண்டு நாலு கட்டைச் செட்டில் நிற்க முடியாது. பாரி வாங்கினால் அவள் பெரியப்பா பக்கத்தில் நின்று வாசிக்கப் போவதில்லை. மூன்று தலைமுறையாக ஒரே செட்டு. அப்பாக்காரர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "யோசிக்கலாமுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, குழல் செய்கிற இடத்தையே பார்த்துவிடலாம் என்று கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். நரசிங்கம்பேட்டை கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறைக்குப் பக்கம். 2022இல் இந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறை என்னவோ சின்னதுதான். ஓரத்தில் பழைய வீடு இடித்த ஆச்சா மர உத்தரங்கள் கிடந்தன. புது மரம் ஆகாதாம், வெடிக்கும். பல பத்து வருடம் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம்தான் வேண்டும். அதைக் கடைந்து, உள்ளே கூம்பாகத் துளைத்து, விரலுக்கு ஏழு துளை போடுகிறார்கள். கீழே இன்னும் ஐந்து துளைகள், அவை சுருதி சேர்க்க. அடியில் விரிகிற அணசு தனி.

பெரியவர் ஒருவர் பாப்பாவிடம் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. "கையைக் காட்டும்மா" என்றார். இரண்டு கட்டைப் பாரியைக் கொடுத்து விரல் வைக்கச் சொன்னார். கீழ்த் துளையை அவள் விரல் முழுதாக மூடவில்லை. காற்று ஒழுகியது, ஸ்வரம் கரகரத்தது. பிறகு இரண்டரைக் கட்டைக் குழலைக் கொடுத்தார். நீளம் கொஞ்சம் குறைவு, துளைகளுக்கு இடையே தூரமும் கொஞ்சம் குறைவு. விரல் சரியாக உட்கார்ந்தது. "இது போதும். கை வளரும், குழல் வளராது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் ஊதிப் பார்த்தாள். கீழே பஞ்சமத்தில் நின்றாள். அப்பாக்காரர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "எங்கய்யன் இந்த மாதிரி ஒண்ணு வாங்கோணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். போனஸ் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

என்னிடம் கேட்டார்கள் என்பதற்காக என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் பேருக்கு நடுவில் தெருவில் வாசிக்கப் போகிறவளாக இருந்தால் திமிரிதான் வாங்கச் சொல்லியிருப்பேன். பாரிதான் உசத்தி, திமிரி மட்டம் என்று சில சங்கீதக்காரர்கள் பேசுவது எனக்குப் பிடிக்காது. தேர் வரும்போது பாரியை ஊதிப் பார்க்கட்டும், தெரியும். எங்கே வாசிக்கிறோம், யாரோடு வாசிக்கிறோம் என்று பார்க்காமல் கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்குவதுதான் தப்பு. மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் என்ற அம்மையார் பெண்கள் நாயனத்தைத் தொடத் தயங்கிய காலத்தில் மேடை ஏறி வாசித்தவர். பாப்பாவிடம் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா முதலில் ஒரு வாரம் பேசவில்லையாம். பிறகு வீட்டுக்கு வந்து குழலைக் கையில் வாங்கிப் பார்த்து, ஊதி, "நல்ல மரம்" என்றிருக்கிறார். போகும்போது தன்னுடைய பழைய திமிரி ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "சித்திரைத் தேருக்கு இதை எடுத்துக்கிட்டு வா அம்மிணி" என்று. ஆக, வீட்டில் இப்போது இரண்டு குழல்.

பாப்பா விடிகாலை ஐந்து மணிக்குச் சாதகம் செய்கிறாள். பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற நேரம். அதனால் ஊருக்கு வெளியே மாகாளியம்மன் கோயில் மண்டபத்துக்கு அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியில் கூட்டிக்கொண்டு போகிறார். பிறகுதான் கம்பெனி.

கடைசியாக ஒரு உதவி. குழல் ஒரு தடவை வாங்கினால் போதும், சீவாளி அப்படி இல்லை. நாணல் தட்டையில் செய்வது, எச்சில் பட்டுப் பட்டுச் சீக்கிரம் போய்விடும். திருவாவடுதுறையில் நன்றாகச் செய்கிறார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ யாராவது அடுத்த மாதம் போவதாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். இரண்டரைக் கட்டைப் பாரிக்கு என்று சொல்லி அரை டஜன் வாங்கி வர வேண்டும். பணம் கொடுத்துவிடுகிறேன்.