மேசாஸ்

பொய் சொல்லி ஒரு கீபோர்டை வாங்கி வைத்திருக்கிறேன். 'வாங்கி' என்பதிலும் பாதி பொய்; காசு எதுவும் கொடுக்கவில்லை. எண்பது வயதை நெருங்கும் ஒருவர் தன் கையாலேயே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், ரிப்பேர் பார்த்துத் தரச் சொல்லி. அது திரும்பிப் போகவில்லை.

நடந்தது ஆழ்வார்பேட்டையில், டிடிகே சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில். எங்கள் வீட்டுக்கு நான்கு கட்டடம் தள்ளி ஒரு மூன்று மாடி ஃபிளாட். மெட்ரோ ரயில் வேலைக்குச் சாலையில் தகரம் அடித்த நாளிலிருந்து ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் கோலமாவு மாதிரி தூசி ஒட்டும். அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டரோடு கையெழுத்து ஆகிவிட்டது. அங்கே குடியிருந்த சாரும் மாமியும், அதாவது கீபோர்டைக் கொண்டுவந்தவரும் அவர் மனைவியும், கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பரணைக் காலி செய்தபோது இறங்கியதுதான் இது.

சார் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்ஜினியராக இருந்தவர். இந்த நாட்டில் கம்ப்யூட்டர் என்றால் ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற காலத்து என்ஜினியர். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. விட்டுப்போன மெஷின்களைப் பராமரிக்கும் வேலை அரசு நிறுவனமான சிஎம்சி கைக்கு வந்தது. அந்தத் தலைமுறை எந்த மெஷினையும் கழற்றிப் பார்க்கப் பயப்படாது. ஸ்பேர் இறக்குமதி செய்ய லைசென்ஸுக்கு அலைய வேண்டியிருந்ததால், கழித்துக் கட்டிய எதையும் தூக்கிப் போடவும் போடாது. வங்கிகளில் மெஷின் வைப்பது பற்றி 1983இல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தமாகி, 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கையும் வந்த பிறகு கிளைகளில் ஏஎல்பிஎம் என்ற லெட்ஜர் மெஷின்கள் நுழைந்தபோது, ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்களில் சாரும் ஒருவர். அவர் எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பது இங்கே வேண்டாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். முப்பது வருடமாக டிடிபி வேலை. பழைய கீபோர்டு சேர்க்கிற கிறுக்கு உண்டு. கிறுக்கு என்று செல்லமாகச் சொல்கிறேன், நண்பர்களும் அப்படியே சொல்கிறார்கள். அந்த அலமாரியில் இருப்பதில் நேர்மையாக வந்தவை எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த பெண்ணிடம் பழைய டிவிஎஸ் கோல்ட் ஒன்று இருந்தது. நம் சென்னைக் கம்பெனியின் சரக்கு, உள்ளே ஜெர்மன் செர்ரியின் நீல ஸ்விட்ச். ஒவ்வொரு எழுத்துக்கும் டக் என்று பதில் சொல்லும். பதினைந்து வருடம் அடித்து எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. "இது என்னம்மா பழசு, நான் புதுசு தரேன்" என்று பளபளவென்று ஒரு ரப்பர் கீபோர்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அந்தப் பெண் நன்றி சொன்னாள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது, இதில் அடித்தால் விரல் நோகிறது சார் என்றாள். பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சார் கொண்டுவந்ததற்கு வருகிறேன். கெட்டித் தகர அடி, கேப்பிடல் எழுத்து மட்டும், பின்னால் பட்டையாக ஒரு கேபிள். தூக்கினால் குக்கர் கனம். சாதாரண கீபோர்டில் விசையை அழுத்தினால் உள்ளே இரண்டு உலோகம் தொட்டுக்கொள்ளும், மின்சாரம் ஓடும், எழுத்து விழும். நம் ஊருக்கு அது ஆகாது. கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் செம்பும் பித்தளையும் களிம்பேறி, நாலு தடவை தட்டினால் ஒரு தடவை விழும். இதில் தொடுகிற உலோகமே கிடையாது. டைப்ரைட்டரில் இருப்பதுபோல ஒவ்வொரு விசைக்கும் அடியில் முன்னிருந்து பின்னாக ஒரு தகடு. தகட்டில் சீப்பு மாதிரி பல். அத்தனை தகடுகளுக்கும் கீழே இடமிருந்து வலமாக எட்டு ஒளிக்கோடுகள் ஓடுகின்றன. இடப்பக்கம் எட்டு எல்இடி, வலப்பக்கம் ஒளியை உணரும் எட்டு கண். விசை இறங்கினால் பல் இருக்கும் கோடு மறையும். மறைந்தால் ஒன்று, மறையாவிட்டால் சைபர். ஏழு கோடு எழுத்தின் எண்ணைச் சொல்லும். எட்டாவது, "இப்போது படித்துக்கொள்" என்று சொல்லும். கணக்கு போட ஒரு சிப் கூட வேண்டாம், வெட்டிய தகடே கணக்கு. 2018இல் ரேசர் கம்பெனி ஹன்ட்ஸ்மன் என்று ஒளி ஸ்விட்ச் கீபோர்டை விற்க ஆரம்பித்தபோது, விளையாட்டுப் பையன்கள் அதைப் புது யுகம் என்று கொண்டாடினார்கள். அமெரிக்காவின் பரோஸ் கம்பெனி எண்பதுகளிலேயே தன் டெர்மினல்களுக்கு ஒளிக் கீபோர்டு போட்டிருக்கிறது. இது அந்தக் குடும்பம். இந்தியாவில் இன்னொன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்த நிமிஷமே எனக்கு வாயில் நீர் ஊறிவிட்டது. இதற்கு வேறு கௌரவமான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"எனக்குக் கை நடுங்குதுப்பா, கண்ணும் புரை. ஒரு தடவை அடிச்சுப் பாத்துட்டேன்னா கோயம்புத்தூருக்கு எடுத்துட்டுப் போவேன். பேரனுக்குக் காட்டணும்" என்றார்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். மல்டிமீட்டரை வைத்து எந்தக் கம்பி எது என்று கண்டுபிடித்து, ஐந்து வோல்ட் கொடுத்து, ஓர் ஆர்டுயினோ போர்டு வழியாக லேப்டாப்பில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை சார் வந்து எதிரே உட்கார்ந்தார். திரை என் பக்கம் இருந்தது. மெட்ராஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். எம், ஏ, ஈ, எஸ், ஏ, எஸ் என்று விழுந்தது. மேசாஸ். பி அடித்தால் சி, என் அடித்தால் ஓ, ஆர் அடித்தால் எஸ். ஏவும் எம்மும் சரியாக விழுந்தன. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆச்சரியக்குறி.

இந்தத் தொழில் தெரிந்தவனுக்கு இது ஜாதகம் மாதிரி. ஏ 65, பி 66, ஆர் 82, எஸ் 83. ஒற்றைப்படை எல்லாம் சரி, இரட்டைப்படை எல்லாம் ஒன்று அதிகமாகி விழுகிறது. ஸ்பேஸ் 32, ஆச்சரியக்குறி 33. அப்படியென்றால் கடைசிக் கோடு மட்டும் எப்போதும் மறைந்தே இருக்கிறது. மேல்மூடி கழன்றுதான் இருந்தது. செல்போனின் முன்பக்கக் கேமராவைச் சாய்த்துப் பிடித்தேன். டிவி ரிமோட்டைக் கேமராவில் காட்டினால் முனையில் ஊதாவாக ஒன்று மின்னுமே, அது மாதிரி வரிசையாகப் புள்ளிகள். ஏழு எரிந்தது. ஒன்று இருட்டு. ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைக்கும் ஒரு இன்ஃப்ராரெட் எல்இடி, பத்து நிமிஷ சால்டரிங். வந்த நோய் இவ்வளவுதான்.

"என்னப்பா, உயிர் இருக்கா?"

"இல்ல சார். போயிடுச்சு."

முன்கூட்டி யோசித்து வைத்த பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. இரண்டாவது பொய்யை மட்டும் யோசித்துத்தான் சொன்னேன், ஏனென்றால் அவர் சும்மா விடவில்லை.

"எது போச்சு? இதுல காண்டாக்ட்டே கிடையாதே."

"எல்இடி வரிசையே மொத்தமா செத்துடுச்சு சார். இந்த அளவு இப்ப கிடைக்காது."

சார் என்னைப் பார்த்தார். புரை விழுந்த கண் எதைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. மேசையில் லேப்டாப் வெளிச்சம் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. செத்த கீபோர்டை ஒருவன் அவ்வளவு நேரம் தட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பானா? என் மனைவி காபி கொண்டுவந்தாள். சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேஸ் பாரை ஒரு விரலால் இரண்டு தடவை தட்டினார். தொப், தொப். "சரிப்பா, நீயே வச்சுக்கோ. ஸ்பேருக்காவது ஆகும்" என்றார். நான் ஒப்புக்கு, "வேணாம் சார், எடுத்துட்டுப் போங்க" என்று கூடச் சொன்னேன். அந்த நடிப்புக்குத்தான் இன்றைக்கு நினைத்தாலும் அதிகமாகக் கூசுகிறது.

செம்பில் களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டுவதில்லை, செம்போடு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆணவ மலத்துக்கு அதுதான் அவர்கள் வழக்கமாகக் காட்டும் உவமை. எங்கள் தாத்தா திண்ணையில் சொல்லிக் கேட்டபோது புரியவில்லை. செம்பே இல்லாத கீபோர்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் புரிந்தது. புரிந்தும் திருப்பிக் கொடுக்க எழுந்து போகவில்லை. நான்கு கட்டடம்தான்.

சாயங்காலம் தகர அடியைக் கழற்றினேன். உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒரு கவர் ஒட்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக் கவரைக் கத்தரித்துச் சின்னதாக மடித்தது. ஓரத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது. மேலே பென்சிலால் ஸ்பேர் இரண்டு என்று சார் கையெழுத்து. உள்ளே இரண்டு எல்இடி. எந்த அளவு கிடைக்கவே கிடைக்காது என்று காலையில் அவரிடம் சொன்னேனோ, அதே அளவு. ஒட்டிய மனுஷனுக்கு அது மறந்திருக்கலாம். முப்பத்தைந்து வருடம் இருக்கும். மறக்காமலும் இருந்திருக்கலாம்.

ரிச்சி தெருவுக்குக்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டில் ஒன்றைத்தான் போட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு மெட்ராஸ் மெட்ராஸாகவே விழுந்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலம் அரைகுறையாகிவிடும். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஒரு மணி வரை அடித்துக்கொண்டிருந்தேன். உலோகம் உலோகத்தைத் தொடாத அடி எப்படி இருக்கும் என்றால், ஸ்பிரிங்கின் இழுப்பு மட்டும் விரலில் தெரியும், வேறு ஒரு நெருடலும் இருக்காது. மனைவி எழுந்து வந்து, "அது சாரோடது இல்ல?" என்றாள். "செத்துப்போச்சுன்னு குடுத்துட்டார்" என்றேன். தொப் தொப் என்று சத்தம் கேட்டுத்தான் அவள் எழுந்தே வந்திருந்தாள்.

அடுத்த வாரம் லாரி வந்தது. நானும் போய் இரண்டு பீரோவுக்குக் கை கொடுத்தேன். மாமி ஊறுகாய் ஜாடி ஒன்றை என் மனைவிக்கு என்று கொடுத்தார். சார் பேரனுக்கு என்ன எடுத்துப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு போன் செய்தார். மெட்ரோ வேலை முடிந்ததா, ஆஞ்சநேயர் கோயில் பக்கம் வண்டி விடுகிறார்களா, கட்டடம் எத்தனை மாடி எழும்பியிருக்கிறது என்று விசாரித்தார். கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாவதாக ஒரு பொய் கைவசம் இருந்தது. இ-வேஸ்ட் ஆட்களிடம் போட்டுவிட்டேன் என்று.

இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பை அதற்குப் பொருத்தியிருக்கிறேன். ஏ விசையைத் தட்டினால் அ விழும். ஷிஃப்ட் இல்லாததால் ஸ, ஷ, ஜ, ஹ வரும்போது மட்டும் பக்கத்திலிருக்கும் டிவிஎஸ் கோல்டுக்குக் கை போகும். சந்தோஷம் என்று அடிப்பதற்கும் அப்படித்தான் போனது. கவரில் இன்னும் ஓர் எல்இடி பாக்கி இருக்கிறது. சாரிடம் வாட்ஸ்அப் இருக்கிறது, பேரன் போட்டுக் கொடுத்தானாம். இதை அவருக்கு இன்னும் அனுப்பவில்லை.