பை சுமந்தவர் பின்னே ஒரு நாள்

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மாணவர் மன்றத்தினர் கேட்டபோது, உமறுப்புலவரைப் பற்றியோ குணங்குடியாரைப் பற்றியோ எழுதித் தருவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அப்பெருமக்களைப் பற்றி எழுத என்னினும் வல்லார் நம் துறையிலேயே உளர். நான் எழுதப் புகுந்தது கோல்ஃப் விளையாட்டைப் பற்றி. தமிழாசிரியனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன உறவு என மூத்தோர் வினவலாம். ஒரே ஒரு நாள் உறவுதான். ஆயினும் அந்நாள் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் என்னை விட்டு அகலவில்லை.

தமிழில் இதனைக் குழிப்பந்தாட்டம் என்பர். பொருத்தமான பெயரே. சிறு பந்தொன்றைக் கோலால் அடித்துத் தொலைவிலுள்ள குழியில் வீழ்த்த வேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். நான்கு நாள் ஆட்டம். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். கோலால் ஆடப்படுவதால்தான் கோல்ஃப் எனப் பெயர் வந்தது என்று வகுப்பில் ஒரு மாணவர் ஆர்வத்தோடு கூறினார். வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது எனக் காரணம் காட்டி 1457ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இவ்விளையாட்டைத் தடை செய்திருக்கிறது. ஆதலின் பெயரையும் பிறப்பையும் அவர்களுக்கே விட்டுவிடுவதுதான் நமக்கு மரியாதை.

நான் நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவன். விளையாட்டு பார்ப்பது என்றால் பாரதி விளையாட்டரங்கில் இடம் பிடித்து அமர்ந்து, தொண்டை கட்டும்வரை கத்துவது என்பதே எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் அறிந்த இலக்கணம். கோல்ஃப் இவ்விலக்கணத்துக்கு முழுவதும் மாறானது. இங்கே பார்வையாளனுக்கென்று இருக்கை கிடையாது. கடைசிக் குழியருகே சில இருக்கைகள் இருக்கலாம். விரும்பும் ஆட்டக்காரரைப் பார்க்க வேண்டுமாயின் அவர் பின்னே நடந்தே ஆக வேண்டும். அதுவும் கயிற்றுக்கு அப்பால். அவர் கோலை ஓங்கும்போது நாம் நின்றுவிட வேண்டும். பேசலாகாது, தும்மலும் ஆகாது. பதினெட்டுக் குழிகளையும் சுற்றி வர ஆறேழு கிலோமீட்டர் தொலைவும் நான்கு மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

2013 நவம்பரில் கருத்தரங்கு ஒன்றன்பொருட்டு நான் தில்லி சென்றிருந்தேன். அங்கே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் என் பழைய மாணவர், ஞாயிற்றுக்கிழமை காலை அறைக்கு வந்து, "ஐயா, ஹுமாயூன் கல்லறையை எல்லாரும் பார்க்கிறார்கள். நான் உங்களுக்கு வேறு கல்லறை காட்டுகிறேன்" என்றார். அழைத்துச் சென்ற இடம் தில்லி கோல்ஃப் கிளப். அங்கே இந்தியன் ஓப்பன் போட்டியின் இறுதி நாள்.

மாணவர் பொய் சொல்லவில்லை. அத்திடலுக்குள்ளேயே லால் பங்களா முதலிய பழங்காலக் கல்லறை மண்டபங்கள் நிற்கின்றன. செம்மணற்கல் சுவர், மேலே குவிமாடம், அருகே புல்வெளியில் அசைந்து செல்லும் மயில்கள், அவற்றுக்கிடையே வெள்ளைக் காலுறை அணிந்த கூட்டம். அரச குலத்தார் உறங்கும் இடத்தில் பந்தடிக்கிறார்களே என முதலில் மனம் சுருங்கியது. கப்ராளிகளுக்கு மனத்துள் ஸலாம் கூறிவிட்டு நகர்ந்தேன்.

அன்று முன்னணியில் இருந்தவர் வங்கதேசத்துச் சித்திகுர் ரஹ்மான். வறிய குடும்பத்தில் பிறந்து, டாக்காவின் குர்மிட்டோலா திடலில் சிறுவனாகப் பந்து பொறுக்கியவர். பின்னர்ப் பிறர் ஆடப் பை சுமந்தவர். உடைந்த கோல் ஒன்றன் தலையை இரும்புக் கம்பியில் பொருத்தி அதைக்கொண்டே ஆடிப் பழகினார் என்று செய்தித்தாள்களில் வந்ததுண்டு. 2010இல் புருணை ஓப்பனை வென்று, ஆசியச் சுற்றில் வாகை சூடிய முதல் வங்கதேசத்தவர் ஆனார். மாணவர் இவ்வளவும் நடந்துகொண்டே சொல்லி முடித்து, "அவரைத்தான் தொடரப் போகிறோம், ஐயா" என்றார்.

தில்லித் திடலின் இயல்பு அதன் குறுகலில் இருக்கிறது. இருபுறமும் முட்புதர் அடர்ந்து கிடக்கும். ஓங்கியடிக்கும் ஆற்றல் உடையவரும் இங்கே பெருங்கோலை உறையிலேயே வைத்துவிட்டுச் சிறு கோலால் அளந்து அடிப்பர். புதருக்குள் போன பந்து போனதுதான். ஆகவே எத்தனை கஜம் அடிக்க வேண்டும், காற்று எப்பக்கம், எந்தக் கோல் என்பதே ஒவ்வோர் அடிக்கும் முன்னர் நடக்கும் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியில் சித்திகுருக்குத் துணையாக ஒருவர் நின்றார். அவரைச் சுட்டிக்காட்டி மாணவர், "அவர்தான் கேடி" என்றார். திடுக்கிட்டேன். காவல்நிலையச் சுவரில் படம் ஒட்டப்பட்டிருப்பவரையல்லவா நம்மூரில் கேடி என்போம்! ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயராம். நான் பை சுமப்பவர் என்றே எழுதுகிறேன்.

அதன் பிறகு என் கண் பந்தின்மேல் நிற்கவில்லை; பை சுமப்பவர்மேல்தான் நின்றது. பதினான்கு கோல்கள் வரை கொள்ளும் கனத்த பை தோளில். அடி முடிந்ததும் கோலை வாங்கித் துடைப்பார். பெயர்ந்த புல்லை எடுத்துப் பதிப்பார். மணற்குழியில் பந்து விழுந்து மீண்டால், காலடித் தடமெல்லாம் மறையும்படி மணலை வாரிச் சமன் செய்வார். சிறு ஏட்டைப் புரட்டித் தொலைவு சொல்வார். சொல்லிவிட்டு இரண்டடி விலகி நின்றுகொள்வார். அவருடைய மேலங்கியின் முதுகில் பெரிய எழுத்துகளில் ஒரு பெயர் இருந்தது. அஃது ஆட்டக்காரரின் பெயர்.

இங்கே என் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தின் நில அளவைப் பிரிவில் அவர் செயின்மேன். அளவையாளர் முன்னே செல்ல, முக்காலியையும் அளவுகோலையும் தோளில் சுமந்து சுரங்கத்தின் படிக்கட்டு மண்மேடுகளில் ஏறி இறங்குவது அவர் வேலை. நிலக்கரியின் மேல் கிடக்கும் மண் எவ்வளவு அகற்றப்பட்டது என்பதை அந்த அளவையைக்கொண்டே கணக்கிடுவர். பல்லாண்டுப் பழக்கத்தால் அத்தாவுக்குக் கண்ணே அளவுகோலாயிற்று. வீட்டு வாசலில் நின்றபடியே எதிர்க் குடியிருப்பின் வேப்பமரம் எத்தனை மீட்டர் என்பார். நான் நாடா பிடித்துப் பார்த்தால் ஒரு சாண்கூட வேறுபடாது. ஆனால் அளவு எழுதும் புத்தகத்தில் அவர் பெயர் எழுத இடமில்லை.

திடலில் ஆட்டம் இறுகிக்கொண்டே வந்தது. முதல் மூன்று நாள்களில் சித்திகுர் சேர்த்த முன்னிலை இறுதி நாளில் சிறிது சிறிதாகக் கரைந்தது. நெருங்கி வந்தவர்களுள் அனிர்பன் லாஹிரி இராணுவ மருத்துவர் ஒருவரின் மகன். சௌராசியாவோ கல்கத்தாத் திடலில் புல் பராமரித்தவரின் மகன். பந்து பொறுக்கியவரும் புல் பராமரித்தவர் மகனும் நாட்டின் பெரும்பட்டத்துக்குப் போட்டியிட்ட அக்காட்சிக்கு அத்திடலிலேயே முன்னோடி உண்டு. அங்கே பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991இல் இதே இந்தியன் ஓப்பனை வென்றார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. 1993இல் மீண்டும் வென்றார். 2009இல் வென்ற முனியப்பாவும் பெங்களூரில் பை சுமந்தவரே.

இறுதியில் ஒரே ஓர் அடி வேறுபாட்டில் சித்திகுர் வென்றார். லாஹிரியும் சௌராசியாவும் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். நெய்வேலிப் பழக்கத்தில் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். கடைசிப் பந்து குழியில் வீழ்ந்தபின் கத்தலாம், அதற்குத் தடையில்லை.

அன்றிரவே அத்தாவைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததெல்லாம் சொன்னேன். பரிசுத்தொகை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

"தூரம் எவ்வளவுன்னு யாருப்பா சொல்றது?"

"பை தூக்குறவரும் ஏட்டைப் பார்த்துச் சொல்றாரு அத்தா."

"சரியாச் சொல்றாரா?"

"சரியாத்தான் சொன்னாரு. ஓர் அடியில ஜெயிச்சாங்க."

"பேப்பர்ல அவர் பேரும் வருமா?"

மறுநாள் தில்லி நாளேடுகளை வாங்கி வரிவரியாகத் தேடினேன். நான் வாங்கிய மூன்றிலும் அவர் பெயர் இல்லை. அத்தாவிடம் அதைச் சொன்னபோது, "சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினார்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் தொடங்கியது. சிறப்பு அழைப்பின்றித் தம் தரவரிசையால் தகுதிபெற்று ஒலிம்பிக்குக்குச் சென்ற முதல் வங்கதேசத்தவர் சித்திகுர்தான். தொடக்க விழா நமக்கு விடியற்காலை. மந்தாரக்குப்பத்து வீட்டில் ஃபஜ்ர் தொழுகை முடித்து, அத்தாவும் நானும் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருந்தோம். வங்கதேச அணி வந்தது. பச்சையும் சிவப்புமான கொடியைப் பிடித்துக்கொண்டு அணிக்கு முன்னே நடந்து வந்தவர் சித்திகுர். இவர்தான் அவர் என்று காட்டினேன். அத்தா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிறிது நேரம் பார்த்தார்.

"இப்பவும் ஒண்ணைத் தூக்கிக்கிட்டுத்தான் வர்றாரு" என்றார்.