பரானா ஆறும் என் அம்மாச்சியும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

அர்ஜென்டினா என்றவுடன் நம் கல்லூரி நண்பர்களுக்கு நினைவில் எழுவது கால்பந்தாட்டம் ஒன்றே. என் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. அந்நாட்டில் திரைப்படம் எடுப்பார்கள் என்பதோ, ஒரு காலத்தில் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலெல்லாம் அப்படங்களுக்குக் கூட்டம் அலைமோதியது என்பதோ நான் அறியாத செய்தி. அதை அறிய நேர்ந்ததும் தற்செயலாகத்தான்.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் பழைய படங்களில் பித்துக் கொண்டவர். உதயசங்கர் 1948-இல் எடுத்த ‘கல்பனா’ நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவான படம் என்பதால், அதை மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஆசை. மார்ட்டின் ஸ்கார்செஸி என்னும் அமெரிக்க இயக்குநர் தொடங்கிய அமைப்பொன்று, பல நாடுகளிலும் அழியும் நிலையிலுள்ள படங்களைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு வருகிறது. அவ்வாறு மீட்ட ஆறு படங்கள் 2022-இல் ஒரே பெட்டியில் குறுந்தகடுகளாக வெளிவந்தன. அதில் ‘கல்பனா’வும் ஒன்று. பேராசிரியர் எப்படியோ அந்தப் பெட்டியை வரவழைத்துவிட்டார். ‘கல்பனா’ காட்டிய நாளில் அரங்கு நிறைந்திருந்தது. மறுவாரம், “பெட்டியில் இன்னும் ஐந்து இருக்கின்றன, வருபவர்கள் வரலாம்” என்றார். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் மூவர் மின்விசிறிக்காக வந்தவர்கள் என்பதை இங்கே சொல்வதால் அவர்கள் என்மீது கோபம் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.

அன்று பார்த்த படத்தின் பெயரைத் தமிழில் ‘மண்ணின் கைதிகள்’ எனலாம். மாரியோ சோஃபிச்சி இயக்கி 1939-இல் வெளிவந்தது.

படத்தைச் சொல்லுமுன் அந்நாட்டுத் திரையுலகைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அங்கே பேசும்படம் வேரூன்றியது 1933-ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஏப்ரலில் ‘டாங்கோ’ என்ற படமும், மே மாதத்தில் லூமிதோன் நிறுவனத்தின் முதற்படமும் அடுத்தடுத்து வந்தன. லூமிதோனைத் தொடங்கியவர்கள் வானொலிப் பைத்தியங்கள். 1920-இல் தலைநகர் புவெனஸ் ஐரிசில் ஒரு நாடக அரங்கின் கூரைமேல் கருவியைப் பொருத்தி, உள்ளே நடந்த இசைநாடகத்தை ஊருக்கே ஒலிபரப்பிய இளைஞர்கள். ‘மாடிக் கிறுக்கர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். அந்தக் கிறுக்குத்தான் பின்னர் முன்ரோ என்ற ஊரில் படப்பிடிப்பு நிலையமாக எழுந்தது. படமெடுக்கத் தொடங்கியபின் அவர்கள் பிடித்துக்கொண்ட கொழுகொம்பு பாட்டு. டாங்கோ பாடல்கள் இல்லாமல் படமில்லை. ஃபெரேய்ரா இயக்கிய 1936-ஆம் ஆண்டுப் படமொன்றில், துயரம் நெஞ்சில் முட்டும்போதெல்லாம் லிபர்தாத் லமார்கே பேச்சை நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கிவிடுவார். நம் நாட்டில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பணக்கார வீடு, வெள்ளைத் தொலைபேசி, அழகிய பெண், ஒரு கண்ணீர், ஒரு பாடல். இப்படி ஆண்டுதோறும் படங்கள் வந்து குவிந்தன. அவற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. ‘செவ்வாய்தோறும் ஆர்க்கிட் மலர்கள்’ என்ற 1941-ஆம் ஆண்டு நகைச்சுவைப் படத்தின் கதையை ஹாலிவுட்டே எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு ஃப்ரெட் அஸ்டேரை வைத்துப் படமாக்கியது.

இத்தகைய சந்தையில் சோஃபிச்சி காட்டுக்குப் போனார். இத்தாலியில் 1900-இல் பிறந்து, சிறு வயதிலேயே அர்ஜென்டினாவுக்கு வந்து, மேடையில் நடித்து, பிறகு திரைக்கு வந்தவர் அவர். நாட்டின் வடகிழக்கு மூலையில், பரானா ஆற்றின் மேற்பகுதியில், மிசியோனெஸ் என்றொரு செம்மண் பூமி இருக்கிறது. அங்கே விளைவது ‘மாத்தே’ என்னும் இலை. அந்நாட்டவர்க்கு அதுதான் தேநீர். அக்காட்டில் வாழ்ந்த எழுத்தாளர் ஒராசியோ கிரோகா, இலை வெட்டும் கூலிகளைப் பற்றிச் சிறுகதைகள் எழுதியிருந்தார். 1937-இல் புற்றுநோய் என்றறிந்ததும் அவர் நஞ்சருந்தி மாண்டார். இரண்டே ஆண்டுகளில் அவர் மகன் தாரியோவும் ஒரு கவிஞரும் சேர்ந்து அக்கதைகளைத் திரைக்கதையாக்கினார்கள்.

அந்தக் கூலிக்கு ‘மென்சூ’ என்று பெயர். மாதச் சம்பளக்காரன் என்பது பொருள். பெயரில்தான் சம்பளம். போசாதாஸ் என்ற துறைமுக ஊரில் ஆள்பிடிப்பவன் முன்பணத்தைக் கையில் திணிப்பான். குடியிலும் கூத்திலும் அந்தப் பணம் இரண்டொரு நாளில் அதே ஊரிலேயே கரைந்துவிடும். பிறகு படகேற்றி ஆற்றின் மேலே கொண்டுபோவார்கள். அங்கே அரிசி, துணி, மருந்து எல்லாம் தோட்டத்துக் கடையில்தான். விலையும் அவன் வைத்ததுதான். இலையைக் கிளையோடு வெட்டி, நெருப்பில் வாட்டி, நூறு கிலோ அளவுக்குக் கட்டாகக் கட்டி முதுகில் சுமந்து வந்தாலும் பேரேட்டில் கடன் குறையாது. தப்பி ஓடினால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஆறு, பின்னால் துப்பாக்கி.

படத்தில் முதலாளியின் பெயர் கோனர். (நம் ஊர்க் கோனார் அல்லர், அரங்கில் இதற்கே ஒரு சிரிப்பு எழுந்தது.) கூலியின் பெயர் போதெலெய். குடியால் கெட்ட ஒரு மருத்துவரும் அவருடைய மகளும் இடையில் வருகிறார்கள். அந்தப் பெண்ணை இருவரும் விரும்புகிறார்கள் என்பது வழக்கமான சினிமா. அதன்பின் வருவது வழக்கமானதன்று. குடிமயக்கத்தில் பேய்க் காட்சிகள் கண்டு, தன் மகளைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறார் மருத்துவர். அதைவிட என்னை உலுக்கியது சாட்டைக் காட்சி. முதலாளியின் சாட்டை கூலியின் கைக்கு மாறுகிறது. போதெலெய் ஒன்றும் பேசுவதில்லை. அடிக்கிறான், ஓர் அடி முன்னே வைக்கிறான், மீண்டும் அடிக்கிறான். கோனர் விழுந்தும் எழுந்தும் ஆற்றை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டே போகிறான். இசை இல்லையோ, இருந்தும் என் காதில் விழவில்லையோ, நினைவில்லை. புகழ்பெற்ற எழுத்தாளர் போர்ஹெஸ், தம் நாட்டுப் படங்களை எளிதில் பாராட்டாதவர், 1939-இலேயே இப்படத்தைப் புகழ்ந்து எழுதினார் என்று பேராசிரியர் சொன்னார்.

அன்று விடுதிக்குத் திரும்பும் வழியில் என்னை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. முன்பணம், பேரேடு, இலை. இந்த மூன்று சொற்களையும் நான் எங்கோ கேட்டிருக்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது பேராசிரியரிடம் தகட்டை இரவல் வாங்கிச் சென்றேன். என் தாயைப் பெற்ற அம்மாச்சி வால்பாறை மலையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். இப்போது எங்களோடு கீழே இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. படத்தை ஓடவிட்டு, ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“இது பறிக்கிறதா தாயி? மரத்தையில்ல வெட்டுறானுக” என்று முதலில் குறை கண்டார். காதல் காட்சிகளில் கண்ணயர்ந்தார். ஆள் சேர்க்கும் காட்சி வந்தபோது மட்டும், நான் வாய் திறக்குமுன்பே, “கங்காணி வந்துட்டான்” என்றார். “முன்பணம் குடுக்கிறான் பாரு.”

அதற்குப்பின் நான் படத்தை நிறுத்திவிட்டேன். இதுவரை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத ஒரு கதையை அவர் சொன்னார். அவருடைய தந்தை இராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்த ஓர் ஆண்டில், தங்கை திருமணத்துக்காகக் கங்காணியிடம் நாற்பது ரூபாய் வாங்கிக் கைநாட்டு வைத்தாராம். “மூணு வருசத்துல திரும்பிரலாம்னு சொல்லித்தான் ஏத்துனானாம். கம்பளிக்கு எழுதினான், அரிசிக்கு எழுதினான், காச்சல்ல படுத்த நாளுக்கும் எழுதினான். எங்கய்யா செத்த அன்னிக்கும் கணக்குல பாக்கி நின்னுச்சு.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அழுகை இல்லை. கணக்கில் வல்லவர் ஒருவர் பிழையைச் சுட்டுவதுபோல விரல்விட்டு எண்ணிச் சொன்னார். வரலாறு படிக்கும் எனக்கு என் கொள்ளுத்தாத்தாவின் கடன் தெரியாமல் போயிற்று. அதைத் தெரிந்துகொள்ள ஸ்பானியப் படம் ஒன்று வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு இதே பொருளில் வேறு படம் உண்டா என்று தேடினேன். உண்டு. ஆனால் அதற்கு அந்நாடு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் உலகப் போர். அர்ஜென்டினா நெடுங்காலம் நடுநிலை வகித்தது. அதைப் பொறுக்காத அமெரிக்கா கச்சாப் படச்சுருளைக் குறைத்துக்கொண்டு மெக்சிகோவுக்கு வாரி வழங்கியது. 1942-இல் ஐம்பதுக்கு மேல் படம் எடுத்த நாடு, 1945-இல் அதில் பாதியும் எடுக்க முடியாமல் தவித்தது. (நம் தமிழ்ப் படங்களும் அதே போரில் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் சிக்கியவைதாம்.) சந்தை மெக்சிகோவுக்குப் போயிற்று, நடிகர்களும் போனார்கள். லமார்கேயும் போனார். சோஃபிச்சியோ 1945-இல் ஏவா துவார்த்தே என்ற நடிகையை நாயகியாக்கி ஒரு படம் முடித்தார். அவ்வாண்டே அந்நடிகை பெரோனை மணந்தார். மறு ஆண்டு குடியரசுத் தலைவரின் மனைவியானார். படம் பெட்டிக்குள் போயிற்று. அது வெளிவந்தது 1984-இல்.

இரண்டாவது படத்தை இயக்கி, அதில் நாயகனாகவும் நடித்தவர் ஊகோ தெல் கார்ரில். இவர் டாங்கோ பாடகர். பெண்கள் மயங்கும் முகம். பெரோன் கட்சியின் அணிவகுப்புப் பாடலைப் பாடிப் பதிவு செய்தவரும் இவரே. அத்தகையவர் தேர்ந்தெடுத்த நாவல் ‘இருண்ட ஆறு’. அதை எழுதிய அல்ஃபிரேதோ வரேலா ஒரு கம்யூனிஸ்டு. பெரோன் ஆட்சியின் சிறையில் இருந்தவர். ஆட்சிக்குப் பாடுபவர், ஆட்சி அடைத்து வைத்தவரின் கதையைப் படமாக்குவது எளிய செயலா? செய்தார். ‘கலங்கி இறங்கும் நீர்’ என்பது படத்தின் பெயர். தொடக்கத்திலேயே ஆற்றில் பிணங்கள் மிதந்து வருகின்றன. மேலே என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல அந்தப் பிணங்களைத் தவிர வேறு தூதில்லை. இரு சகோதரர்கள் இலைத்தோட்டத்துக்குப் போகிறார்கள். அதே முன்பணம், அதே கடை. மேற்பார்வையாளன் ஒரு பெண்ணைச் சீரழிக்கிறான். ஆனால் இங்கே கூலிகளின் காதில் ஒரு புதுச் சொல் விழுகிறது: சங்கம். முடிவில் எல்லோரும் சேர்ந்தே எழுகிறார்கள்.

1955-இல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. தெல் கார்ரில் பெரோனின் ஆள் என்று சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்தவரின் கதையை எடுத்தவர் தாமே சிறைக்குப் போனார்.

கலை என்று பார்த்தால் முதற்படமே உயர்ந்தது என்பது பேராசிரியரின் கருத்து. என் கருத்தும் அதுவாகத்தான் இருந்தது. சோஃபிச்சி எதற்கும் ஆறுதல் சொல்வதில்லை. தெல் கார்ரிலின் படத்தில் ஓரிடத்தில் குரல் உயர்கிறது. இதெல்லாம் பழங்கதை என்று ஆட்சியாளர்க்குச் சமாதானம் சொல்லும் தொனியும் உண்டு. அடுத்த விடுமுறையில் இதையும் அம்மாச்சிக்குக் காட்டினேன். அவருக்குப் பிடித்தது இரண்டாவது படம்.

“மொதப் படத்துல சாட்டையெடுத்து அடிக்கிறவன் ஒத்தையா அடிக்கிறான். அடிச்சு என்னா? அவனும் செத்தான், அந்தப் பிள்ளையும் செத்துச்சு. இதுல எல்லாரும் சேந்து நிக்கிறாக.” அவருடைய இளமையில் தோட்டத்தில் சங்கம் அமைத்து, பெரட்டுக்களத்தில் முதன்முதலாகக் கூடி நின்ற காலை ஒன்றைப் பற்றியும் சொன்னார். அன்று யாரும் எதுவும் பேசவில்லையாம்; வேலைக்கும் போகவில்லையாம். நான் வாதாடிப் பார்த்தேன். ஒளிப்பதிவு, நடிப்பு என்றெல்லாம் சொன்னேன். “நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா பாத்திட்டு எந்திரிக்க முடியலையே தாயி” என்றார். பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, இரண்டாவது படத்தையும் கல்லூரியில் திரையிடலாம் என்றார்.

படம் முடிந்ததும் அம்மாச்சி கேட்டது இலையைப் பற்றித்தான். அதை எப்படிக் குடிப்பார்கள்? சுரைக்குடுக்கையில் இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள் என்று படமொன்றைக் காட்டினேன்.

“பால் ஊத்தமாட்டாகளா?”

“இல்லை அம்மாச்சி. ஒரே குடுக்கைதான். ஒருவர் குடித்ததும் மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவரிடம் கொடுப்பார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லாரும் அதே குழலில்தான் குடிப்பார்கள்.”

அம்மாச்சி படத்தைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

“எல்லாருமா?” என்றார்.

“எல்லாரும்.”

“ஒரே குழாய்லயா?”

ஆமென்றேன். அவர் அந்தப் படத்தை வெகுநேரம் திருப்பித் தரவில்லை.