எல்க் வேட்டைக்கு எத்தனை கிரெயின் குண்டு? ஒரு டாக்டரோட பதில்

பெண்ணாடத்துல என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவன் இப்ப அமெரிக்காவுல, கொலராடோ மாநிலத்துல இருக்கான். போன வாரம் வாட்ஸ்அப்ல கேட்டான்.

"மாப்ள, இந்த வருஷம் எல்க் வேட்டைக்கு லைசென்ஸ் கிடைச்சிருக்கு. 150 கிரெயின் குண்டு வாங்கறதா, 180ஆ? கடைக்காரன் ஒண்ணு சொல்றான், கூட வர்றவன் ஒண்ணு சொல்றான். உடம்புக்குள்ள என்ன ஆகும்னு உனக்குத்தான்டா தெரியும்."

அவனுக்கு அனுப்பின பதிலைக் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறேன். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவங்களுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு.

முதல்லயே சொல்லிடறேன். நம்ம நாட்டுல வேட்டை குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. கொலராடோவுல கதை வேற. அமெரிக்காவுலயே எல்க் அதிகம் இருக்கற மாநிலம் அது. எந்த மாசம் சுடலாம், ஒருத்தருக்கு எத்தனைன்னு அரசாங்கமே கணக்கு வச்சு நடத்துது.

எல்க்னா நம்ம கடமானுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்குங்க. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும்.

சரி, கிரெயின்னா என்ன? ஒரு தானிய மணியோட எடையில இருந்து வந்த பழைய அளவு. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். மருந்துக் கடையிலயும் ஒரு காலத்துல இதுதான் அளவு. ஆஸ்பிரின் மாத்திரை 325 மில்லிகிராம்னு வித்தியாசமான எண்ணுல வருதே, அது பழைய 5 கிரெயின். நீங்க காய்ச்சலுக்குப் போடற பாராசிட்டமால் 650ங்கறது 10 கிரெயின்.

அப்போ 180 கிரெயின் குண்டு 11.7 கிராம். ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. 150 கிரெயின்னா 9.7 கிராம். ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டே கிராம்தான். இதுக்கா இவ்வளவு சண்டை?

அவன் துப்பாக்கி .30-06. அதுல 150 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 885 மீட்டர் வேகத்துல கிளம்பும். 180 கிரெயின் சுமார் 820 மீட்டர். கணக்குப் போட்டா ரெண்டோட ஆற்றலும் ஏறக்குறைய ஒண்ணுதான், 3,800, 3,900 ஜூல். அதனால "கனமான குண்டுக்குத்தான் பவர் அதிகம்"ங்கற பேச்சை விட்டுடலாம்.

வித்தியாசம் ஆழத்துல இருக்கு. ரெண்டு குண்டுக்கும் தடிமன் ஒண்ணு, கனமானது நீளம் ஜாஸ்தி. ஒரே தடிமன்ல குட்டைக் கடப்பாரை ஒண்ணு, நெட்டைக் கடப்பாரை ஒண்ணு எடுத்துத் தரையில போட்டுப் பாருங்க. எது ஆழமா இறங்கும்? அதேதான்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு விவசாயியைக் கொண்டுவந்தாங்க. கரும்புக்கொல்லையில யாரோ காட்டுப்பன்னிக்கு வச்ச குறி. நாட்டுத் துப்பாக்கி. எக்ஸ்ரேயில தொடை முழுக்க வெள்ளை வெள்ளையாப் புள்ளி. ஆனா ஒரு ரவைகூட எலும்பைத் தொடலை. எடை இல்லாத ரவை, சதையிலயே நின்னுபோச்சு. மனுஷன் பிழைச்சார், சந்தோஷம்.

ஆனா எல்க் மேல இப்படி ஆச்சுன்னா அது சந்தோஷமில்ல. குண்டு தோள் எலும்புலயே உடைஞ்சு நின்னா அந்த ஜீவன் ஓடிடும். எங்கேயோ புதருக்குள்ள நாள் கணக்குல கிடந்து சாகும். சுட்டவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

குண்டு பட்டதும் விலங்கு சுருண்டு விழறதெல்லாம் சினிமா. சாவு பெரும்பாலும் ரத்த இழப்பாலதான். இதயத்தையே துளைச்சாலும் மூளையில இருக்கற ஆக்சிஜன் இன்னும் பத்துப் பதினஞ்சு நொடி தாங்கும், அதுக்குள்ள எல்க் நல்ல தூரம் ஓடிடும். ரெண்டு நுரையீரலும் துளைபட்டாதான் வேதனை சீக்கிரம் முடியும். வயித்துல பட்டா பல மணி நேரம்.

அதனாலதான் கொலராடோ சட்டமே எல்க்குக்குக் குறைஞ்சது 85 கிரெயின், அதுவும் உள்ள போனதும் விரியற குண்டுன்னு கேட்குது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கல்கத்தா பக்கத்துல டம்டம்ல செஞ்ச இதே மாதிரி விரியற குண்டைப் போர்ல பயன்படுத்தக்கூடாதுன்னு 1899லயே ஹேக் மாநாட்டுல தடை பண்ணிட்டாங்க. மனுஷனுக்குக் கொடுமைன்னு தடை. மிருகத்துக்கு அதுதான் கருணைன்னு கட்டாயம்.

எடை மட்டும் போதுமா? போதாது. கரமோஜோ பெல்னு ஒரு வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவுல ஆயிரத்துக்கும் மேல யானைகளைச் சுட்டார். பெரும்பாலும் சின்னத் துப்பாக்கி, 173 கிரெயின் மாதிரி குண்டு. யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்க இருக்குன்னு படிச்சு வச்சிருந்தார். அவர் செஞ்சது எனக்குப் பிடிக்கலை. ஆனா அனாடமி தெரியாம கிராம் கணக்கு பேசிப் பிரயோஜனமில்லைன்னு புரியும்.

கனம் ஏற ஏறத் தோள்ல உதையும் ஏறும். உதைக்குப் பயந்து சுடும்போது கண்ணை மூடினா 180 என்ன, 200 என்ன?

இப்ப நான் டாக்டரா பேசற இடம். அவன் மனைவி ஆறு மாச கர்ப்பம். வீட்டுல நாலு வயசுப் பொண்ணு. அந்தக் கறி வருஷம் பூரா அவங்க ஃப்ரீசர்லதான் இருக்கும்.

சாதாரண குண்டுக்குள்ள இருக்கறது காரீயம். நம்ம வீட்டு ரசத்துக்கு வைக்கற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேற. காரீய குண்டு உள்ள போனதும் தூள்தூளாச் சிதறும். எக்ஸ்ரே எடுத்தா பனி கொட்டின மாதிரி தெரியும். காயத்தை விட்டுத் தள்ளி நல்லா இருக்கற கறியிலயும் துகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரியவங்களைவிடக் குழந்தை உடம்பு நாலஞ்சு மடங்கு அதிகமா உறிஞ்சும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும். கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்குக் காரீய குண்டே தடை. பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால வந்த சட்டம் அது.

அதனால அவனுக்கு நான் எழுதினது இதுதான்:

முழுக்கச் செம்புல செஞ்ச குண்டு வாங்கு. சிதறாது, எடை அப்படியே உள்ள போகும். அதனால 180 தேவையில்ல, 165 போதும்.

சீசனுக்கு முன்னாடியே உன் துப்பாக்கியில சுட்டுப் பழகு. செம்பு குண்டு நீளம், எல்லாக் குழலுக்கும் ஒத்துவராது.

முன்னங்காலுக்குப் பின்னாடி, நெஞ்சுக்கூடு. பக்கவாட்டுல நின்னா மட்டும் சுடு. சந்தேகம்னா சுடாதே.

நமக்கு எதுக்குடா எல்க் கதைன்னு கேட்கறவங்களுக்கு: வெள்ளாத்துல வீச்சு வலை வீசறவங்க ஈயமணியைப் பல்லால கடிச்சு இறுக்கறதைப் பார்த்திருக்கேன். பழைய பேட்டரியை உடைச்சு வீட்டு அடுப்புல ஈயம் உருக்கறவங்களும் உண்டு. அதுவும் இதே காரீயம்தான். பல்லால கடிக்காதீங்க, குறடு வச்சு இறுக்குங்க. தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க. வீட்டுல உருக்கவே வேணாம், குழந்தைங்க விளையாடற இடத்துல அந்தத் தூசி தங்கிடும்.

தெரிஞ்சவங்க யாராவது இந்த வேலை செஞ்சா, அவங்களுக்கு இதை அனுப்புங்க.